நாற்பத்தொரு பெயர்கள்

செவ்வாய், நிலையம் இரண்டு. எழுதுபவர்: ஜெசிந்தா, கணினிப் பொறியாளர்.

நாள் 611 | 09:10
டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டது. கட்டளைத் திரையில் பாட்டுக் கருவியையும் அதன் ஒலி நூலகத்தையும் நீக்கச் சொன்னேன். கூடவே அவற்றைச் சார்ந்த நாற்பத்தொரு மென்பொருள் பேக்கேஜ்கள் நீங்கும், சம்மதமா என்று கேட்டது. இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு ஆம் என்று தட்டிப் பழகிய விரல். தட்டினேன். சேமித்து வைத்திருந்த பழைய பிரதிகளையும் துடைத்தேன். இப்போது 61. இசக்கி துளைப்பான் வேலைக்காக 08:30க்கு வெளியே போனான். ஆறு மணி நேரக் காற்று. இங்கே நாங்கள் இருவர்தான்.

10:05
இசக்கி, வானொலியில்: "எக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு. பேசவும் மாட்டேங்கு. கோவமா இருக்கோ?"

10:20
கதவை இயக்கும் பேக்கேஜ் இல்லை. பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர் அது. நானே வைத்த வினை. கதவு 'வாங்க'ன்னு கூப்பிட்டா வீட்டுக்கு வந்தமாரி இருக்கும் என்று போன வருடம் இசக்கி சொன்னான். என் குரலைப் பதிந்து சேர்த்தேன். அன்றிலிருந்து ஒலி நூலகம் இல்லாவிட்டால் கதவும் இல்லை. கதவைக் கையால் திறக்கும் சக்கரமும் காற்றழுத்தம் சமமானால்தான் சுழலும். சமன் செய்வதும் அதே பேக்கேஜ். வேறு வாசல் கிடையாது.

10:55
நீக்கிய பேக்கேஜ்களைப் பூமியிடம் கேட்டேன்; பதிவிறக்கம் தொடங்கிவிட்டது. முடியும் நேரம் 15:05. அவன் காற்று 14:30 வரை.

12:40
கதவு பேக்கேஜ் முதலில் வந்தது. கட்டாயப்படுத்தி நிறுவினேன். தொடங்கியதும் என் குரலைத் தேடி நின்றுவிடுகிறது. நிரலில் அந்த ஒரு வரியை வெட்டலாமென்றால், வெட்டும் கருவியும் நாற்பத்தொன்றோடு போய்விட்டது. ஜன்னலில் தெரிகிறான். காற்றை மிச்சம் பிடிக்கக் கதவில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். என் பின்னால் அலமாரியில் நான்கு காற்றுக் குடுவைகள் நிறைந்து இருக்கின்றன.

13:50
உண்மையைச் சொல்லிவிட்டேன். இசக்கி:
"சரிக்கா. நானும் அந்தப் பட்டியல வாசிச்சதே கெடையாது. அழாதீங்க. எங்கம்மைட்ட மெஷின் கோளாறுன்னு சொல்லிருங்க. ஒங்கள ஒண்ணும் சொல்லமாட்டா."

14:52
95 சதவீதம். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். 14:41க்குப் பிறகு மூச்சுச் சத்தமும் இல்லை. இதைப் படிக்கிறவர்களே, அவன் அம்மாவிடம் மெஷின் என்று சொல்லாதீர்கள். நான்தான்.

15:06
நூறு. ஒலி நூலகம், என் குரல் என இரண்டு பேக்கேஜ்கள் நிறுவப்படும், சம்மதமா. இரண்டு பெயரையும் எழுத்தெழுத்தாக வாசித்தேன். மறுபடி வாசித்தேன். ஆம்.

15:07
கதவு அவன் உடையின் அட்டையை அடையாளம் கண்டு திறந்தது. என் குரல், சிரிப்போடு:
"வா இசக்கி. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."