துணியில் இல்லாத கறை

இன்று மத்தியானம் உன் அம்மா காலி பிரேம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நம் ஸ்டூடியோவின் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, "என்ற புள்ளையோட படம் ஒண்ணு எடுத்துக் குடு கண்ணு. வருசம் திரும்பப் போகுது, ஊட்டுல மாட்டோணும்" என்றார்.

கம்ப்யூட்டரில் தேடினேன். பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில், தோழிகள் நாம் இருவரும் இந்த அறையில் சேர்ந்து எடுத்ததெல்லாம் பனியனும் குழந்தைச் சட்டையும்தான். உன் முகம் தெளிவாக இருப்பது ஒரே படத்தில். வெள்ளைச் சுவரை ஒட்டி, கோபம் அடங்காத முகத்தோடு நிற்கிறாய். உன் காதுக்குப் பக்கத்தில், சுவரின்மேல், சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி.

"அதென்ன சாமி, அழுக்கா?" என்று கேட்டார் அம்மா.

அழுக்குதான். ஆனால் அது சுவரில் இல்லை.

செல்வி அக்கா அழுதுகொண்டு வந்த நாள் அது. நாம் படம் எடுத்துக் கொடுத்த பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். குழந்தைச் சட்டைகளின் படங்களைப் பார்த்த வெளிநாட்டு வியாபாரி, எல்லாச் சட்டையிலும் தோள்பட்டையில் கறை இருக்கிறது என்று ஆர்டரை நிறுத்திவிட்டார். கறையைக் கவனிக்காமல் அனுப்பினாள் என்று, சட்டையை எடுத்துக்கூடப் பார்க்காமல், கம்பெனி அக்காவை வெளியே அனுப்பிவிட்டது.

"ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்துல விரிச்சுப் பாத்துதான் அனுப்புனேன், தாயி. கறை இல்லவே இல்ல. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்காவ."

அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நீ கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாய். படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தள்ளினாய். மஞ்சள், ரோஸ், நீலம் என்று சட்டை மாறிக்கொண்டே இருந்தது. கறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"துணி மாறுது, இது மாறலையே புள்ள" என்றாய்.

லென்ஸைத் துடைத்து எடுத்தோம். இருந்தது. வேறு லென்ஸை மாட்டினோம். அப்போதும் இருந்தது. கடைசியில், "துணியே வேண்டாம், என்னையே எடு" என்று சுவர் ஓரமாய்ப் போய் நின்றாய். லென்ஸின் துவாரத்தை முடிந்த மட்டும் சுருக்கி எடுத்தேன். புள்ளி முன்னைவிடக் கருமையாய் வந்தது. கேமராவின் உள்ளே, படம் பதியும் சென்சாரில் ஏதோ ஒட்டியிருந்தது. இந்த ஊரில் பஞ்சுத் தூசி நுழையாத இடம் எது? லென்ஸ் மாற்றும்போது உள்ளே போயிருக்கும்.

நான் காற்றடிக்கும் ரப்பர் பந்தை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இப்பத் தொடைச்சுப்போட்டா நாம சொல்றத யாரு நம்புவாங்க? இப்படியே கம்பெனிக்குக் கொண்டுட்டுப் போலாம்."

"நம்ம மேல தப்புன்னு நாமளே போய்ச் சொன்னா, அப்பறம் நமக்கு யாரு வேலை குடுப்பா?"

"தப்பு நம்முளுதுதானே. அந்தக்கா எதுக்குச் சொமக்கோணும்?"

கம்பெனியில் மேனேஜரின் மேசை விரிப்பைப் படம் எடுத்துக் காட்டினாய், அவருடைய அறைச் சுவரை எடுத்துக் காட்டினாய். எல்லாவற்றிலும் அதே புள்ளி. அவர் பொறுமையாகத்தான் பார்த்தார்.

"புரியுதுங்க. ஆனா போன ஆர்டர் திரும்பி வராதுங்க. அந்தம்மா எடத்துக்கும் வேற ஆள் போட்டாச்சுங்க" என்றார்.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் செல்வி அக்கா காத்திருந்தார். உன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு. "நான் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சுட்டுல்லா, அது போதும், தாயி" என்றார். போதவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு தூத்துக்குடிப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார். அந்தக் கம்பெனி நம்மைப் பிறகு கூப்பிடவே இல்லை. நீ சென்சாரைச் சுத்தம் செய்துவிட்டு, கேமராவைத் தொடாமல் சில நாள் சும்மாவே உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தவளிடம் நான் கையை மட்டும் ஆட்டினேன். நீ பார்த்தாயா என்று இன்றுவரை தெரியாது.

இந்தக் கதையையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் அழிச்சுப்போடு கண்ணு. மாலை போடற படத்துல அழுக்கு இருக்கப்படாது" என்றார். அழித்தேன். ஒரு நிமிட வேலைதான் அது. படத்தைப் போட்ட பிரேமை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார்.

அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. போன வாரம் ஸ்டூடியோ நம்பருக்கு செல்வி அக்கா கூப்பிட்டார். மகளுக்குக் கல்யாணமாம்.

"அந்தப் புள்ள வந்து படம் எடுக்கேன்னு அன்னைக்குக் கம்பெனி கேட்டுல வச்சு எனக்கு வாக்குக் குடுத்திருக்கு. அவகிட்ட போனக் குடு, தாயி."

சொன்னேன். எந்த மாசம், என்ன காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்ப நீ வருவியா?" என்றார்.

"வர்றேங்க்கா" என்றேன்.

தூத்துக்குடிப் பக்கம் நான் போனதே இல்லை. உன் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்திவைத்துச் சிரிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் நான் சிரிக்க வேண்டும். அதுதான் எப்படி என்று தெரியவில்லை.