உப்புக்கு மேல் மெழுகு

மே 12
சோழகக் காற்று தொடங்கிவிட்டது. வேலணை முழுக்கப் புழுதி. தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். நாளை.

ரொறன்ரோவிலிருந்து ரவியின் போன். என் மனைவி சிவமணியின் தம்பி. போன வருடம் வந்தபோது எங்கள் அலுமாரியின் இழுப்பு லாச்சியில் ஒரு பழைய கிரிக்கெட் அட்டையைக் கண்டெடுத்துக் கொண்டுபோனான். அங்கே அட்டைகளுக்குத் தரம் பார்த்துப் புள்ளி போடுகிற கம்பனிகள் இருக்கின்றனவாம்.

"அத்தான், பத்துக்கு ஒன்பது! புதுசு மாதிரிக் கிடக்காம்."
"தண்ணி பட்ட அடையாளம் ஏதும்?"
"ஒண்டுமில்லை. ஏன் கேக்கிறியள்?"

சும்மா என்றேன். அப்படியென்றால் அது குகனுடைய அட்டை இல்லை. நிம்மதி. ஏமாற்றமும்.

குகன் என் தம்பி. அப்பா பதுளையில் வைத்திருந்த கடைக்கு வந்த பபிள்கம் பெட்டிகளில் கிடைத்த அட்டைகள். அவற்றின் முதுகில் மெழுகுதிரி தேய்த்தால் சீமெந்துத் தரையில் நன்றாக வழுக்கும். அது அவன் கண்டுபிடிப்பு. விறாந்தைப் பக்கக் கோட்டிலிருந்து நான் தட்டுவேன். எதிரே அலுமாரியடியிலிருந்து அவன் திருப்பித் தட்டுவான். கடைசி நாள் நான் தட்டிய அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "வந்து தட்டுறன்." ஊர்காவற்றுறையில் எழுவைதீவுப் படகேறினான். படகு போய்ச் சேரவில்லை. பதினொரு வயது.

யூன் 9
முழங்கால் வலி. எண்ணெய் முடிந்தது.

ரவிக்கு ஒன்பது போதவில்லை, பத்து வேண்டுமாம். பிளாஸ்டிக் உறையை உடைத்து வேறு கம்பனிக்கு அனுப்பினான். அவர்கள் போட்டது மூன்று!

"உப்புத்தண்ணிக் கறையாம் அத்தான். முதுகில மெழுகாம். விசரங்கள்."
"நீர் அதே அட்டையைத்தானே அனுப்பினனீர்?"
"ஓம், என்ர கையாலதான் கழட்டி அனுப்பினனான்."

முப்பது வருடம் கந்தோரில் இருந்தவன் நான். ஒரே படிவத்தை மூன்று கிளாக்கர்மார் மூன்று விதமாகப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். இல்லாத கடலை எவரும் கண்டதில்லை.

வாங்க: நல்லெண்ணெய், சவுக்காரம், மெழுகுதிரி.
மெழுகுதிரி வேண்டாம்.

யூலை 21
காற்று. பனைகள் இரைகிற இரைச்சலில் போன் சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவது கம்பனி. புள்ளியே இல்லை; அசல் அட்டை என்ற சான்றோடு உறை மட்டும் போட்டார்களாம்.

"தரம் போட ஏலாதாம். நான் போன் எடுத்துக் கேட்டனான். உப்புக்கறை அடியிலயாம், மெழுகு அதுக்கு மேலயாம். கடல்ல நனைஞ்சு காய்ஞ்ச பிறகு ஆரோ தேய்ச்சிருக்கினமாம்."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். "அத்தான்? அத்தான்?"

படகு போன மறு கிழமை நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்தோம். வருடக்கணக்காக வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டின் திறப்பு என்னிடம் மட்டும். திரும்பி வந்து பூட்டைத் திறந்ததும் நானே. பூட்டு அப்படியே இருந்தது.

சிவமணியிடம் சொன்னேன். "மூண்டு பேரும் மூண்டு விதமாச் சொல்லீனம். நீங்கள் ஏன் மூண்டாமாளை நம்புறியள்?"

பதிலை இங்கே எழுதலாம். முதலாவது கம்பனி சொல்வது சரியென்றால் குகன் கடலில். மூன்றாவது சரியென்றால் வீட்டுக்கு வந்திருக்கிறான். நாங்கள் யாருமே இல்லாத வீட்டுக்கு. ஆனாலும் வந்திருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

ஓகஸ்ட் 3
நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற வழியில் ரொறன்ரோவிலிருந்து வந்த ரவியின் கூட்டாளி, அவன் கொடுத்துவிட்ட அட்டையைத் தந்துவிட்டுப் போனார். தேத்தண்ணி கொடுத்தோம். உறையை உடைக்க வேண்டாம், உடைத்தால் அந்தச் சான்று செல்லாது என்று இரண்டு தரம் சொன்னார்.

அவர் படலை தாண்டியதும் குசினிக் கத்தியால் உடைத்தேன்.

கறை ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணுக்கு ஒன்பதுதான். முதுகைத் தடவினேன். விரலில் மெழுகு ஒட்டியது. இத்தனை வருட மெழுகு ஒட்டுமா?

மூன்று கம்பனியையும் விட்டுவிட்டேன். இனி நானே பார்க்கிறேன். சாக்கட்டியால் விறாந்தைப் பக்கப் பழைய கோட்டைத் திரும்பக் கீறினேன். நான் தட்டவில்லை. அன்றைக்கு ஆட்டம் நின்றது அவன் முறையில். அட்டையை அலுமாரிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

"இஞ்சேருங்கோ, உந்த வயசில தரையில என்ன செய்யிறியள்?" சிவமணி. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை.

ஓகஸ்ட் 4
விடிய எழும்பினேன். காற்றே இல்லை. யன்னல்கள் பூட்டியபடி. தரை இன்னும் கூட்டவில்லை.

அட்டை என் கோட்டில்.

"நான் தொடேல்லை," என்கிறாள் சிவமணி. குசினி வாசலைத் தாண்டி வர மாட்டேன் என்கிறாள். "சத்தியமாத் தொடேல்லை."

ரவியின் போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

இப்போது என் முறை.