ஒரு கேள்விக்கு வேண்டிய ஜப்பானிய மொழி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினொன்றாவது நோட்டு. மறுபடியும் முதல் பாடம்: வணக்கம், என் பெயர் இன்னது, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. முதல் பாடத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்து நோட்டிலும் முதல் பன்னிரண்டு பக்கம் அச்சடித்த மாதிரி எழுத்து, அப்புறம் வெள்ளைத் தாள். நாலு நாள் விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடர மனசு வராது. புது நோட்டு, புதுப் பேனா, பழைய வணக்கம்.

கண்ணாடிக் கடையில் நான் லென்ஸ் தேய்ப்பவள். கண் சோதிப்பவன் சோடாபுட்டி. அவன் போட்டிருக்கும் கண்ணாடிக்கு அந்தப் பெயரே மரியாதை. மத்தியானம் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வணக்கத்துலயே நிக்கறீங்களாக்கா? பாடத்துல வணக்கம் சொல்ற ஆளு எப்பதான் வீட்டுக்குள்ள வருவாரு?" என்றான்.

சிரித்தேன். வேறென்ன செய்ய.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி மனைவியிடமிருந்து செய்தி. போன் அதைத் தமிழாக்கித் தந்த லட்சணம்: "ஜூலை வருகிறேன். அவரது பொருள் ஒப்படைக்கும் ஆசை உண்டு. அக்காவின் முகம் பெறுவேன்."

அம்மாவிடம் வாசித்தேன். "வரட்டும்," என்றாள். அப்புறம், "அவகிட்ட கேளுடி," என்றாள். எதை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வேலைக்குப் போன ஜப்பானில் பழகிய அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று தம்பி நின்றான். "அப்ப இந்த வீட்டுப் படி ஏறாத," என்றார் அப்பா. ஏறவில்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அப்பா போனபோதும் இல்லை. போன மே மாதம் அவள்தான் எழுதினாள், நுரையீரலில் நோய், பதினோரு நாளில் முடிந்துவிட்டது என்று. முப்பத்தொன்பது வயசு.

என் கேள்வி ஒன்றுதான். ஏன் ஒரு தடவைகூட எங்களைக் கூப்பிடவில்லை? ஆங்கிலம் அவளுக்கு வராது, எனக்குக் கடைப் பலகை படிக்கிற அளவுதான். இந்தக் கேள்வியை மெஷினிடம் கொடுத்தால் "தொலைபேசி ஆசை ஏன் இல்லை" என்று கேட்டு வைக்கும். என் வாயால் கேட்க வேண்டும். நாலு மாதம் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீடியோ. "ஜப்பானிய மொழியைத் தானாகப் படிப்பவர்கள் செய்யும் பத்துத் தவறுகள்."

முதல் தவறு, திரும்பத் திரும்ப முதல் பாடத்திலிருந்து தொடங்குவது. அடப்பாவி, எங்கே ஒளிந்திருந்து பார்த்தாய்? இரண்டாவது, அந்த எழுத்தைப் படிக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் சொந்த எழுத்திலேயே எழுதிக்கொள்வது. பதினொரு நோட்டும் தமிழ் எழுத்துதான். மூன்றாவது, ஆப் ஆப்பாக இறக்கி வைப்பது. என் போனில் ஏழு இருக்கிறது. நாலாவது, கார்ட்டூன் பார்த்துப் பேச்சுப் பழகுவது. அதில் வாள் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பேசுகிற மாதிரி பெரியவர்களிடம் பேசினால் உதைதான் கிடைக்குமாம். நான் ஆசையாகப் பழகி வைத்திருந்த ஒரு வசனத்துக்கு அர்த்தம் "ஒழிந்து போ" என்று இன்றுதான் தெரிந்தது.

ஏழாவது: இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே படிக்காமல் இருப்பது.

அதற்குள் ஒரு அம்மாள் கண்ணாடிக் கால் உடைந்து வந்தாள். மூடிவிட்டேன். மிச்சம் மூன்றையும் கேட்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆப் என்னை வாழ்த்துகிறது: தொடர்ந்து முப்பது நாள்! பட்டாசு வெடிக்கிறது திரையில். முப்பது நாளில் நான் சொல்லக் கற்றது: பூனை பால் குடிக்கிறது, மாமா ஆப்பிள் வாங்குகிறார். தம்பியைப் பற்றி விசாரிக்கப் பூனையோடு போக முடியுமா?

இன்றைய பாடம் வீட்டுச் சாமான். டென்வா என்றால் போன். இந்த வீட்டில் இருந்த டென்வாவை ஐந்து வருஷம் முன்பு வெட்டிவிட்டேன் என்று அதற்கு யார் சொல்வது. ஞாயிறு ஆனால் எவனோ ஒரு வேலையற்றவன் கூப்பிடுவான். பேசமாட்டான். அம்மா "ஹலோ, யாருப்பா" என்று கத்திக்கொண்டிருப்பாள். நான் எடுத்தால் உடனே வைத்துவிடுவான். ஒரு நாள் அவன் வைப்பதற்குள் முந்திக்கொண்டு வண்டை வண்டையாகத் திட்டினேன். அடுத்த வாரமே இணைப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், கையில் செல்போன் இருக்கும்போது அது எதற்கு. அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய சாமான் எதையும் விட மனசு வராது அவளுக்கு.

நாற்காலி, மேசை, ஜன்னல், போன். எழுதியாயிற்று.

ஏப்ரல் 19, சனி

கடையில் ஒரு டிரைவர். எழுத்துப் பலகையைக் கடகடவென்று கடைசி வரி வரை வாசித்தார். சோடாபுட்டிக்குச் சந்தேகம், பலகையை மாற்றி மாட்டினான். மனுஷர் அதே பழைய எழுத்துகளை அதே வரிசையில் ஒப்பித்தார். வெளியே உட்கார்ந்திருந்தபோதே மனப்பாடம் செய்திருக்கிறார், லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மே 2, வெள்ளி

ஐந்து நாள் விட்டுப்போயிற்று. பன்னிரண்டாவது நோட்டு வாங்கவில்லை. இனி எதற்கு.

மே 18, ஞாயிறு

ஒரு முடிவு எடுத்தேன். மொழி வேண்டாம். அது எனக்கு வராது, நாற்பத்து நாலு வயசில் ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. கேள்வி மட்டும் போதும்.

வியாழக்கிழமை கடைக்கு வந்த வெல்டர் ஒருவர் மூன்று வருஷம் அந்த நாட்டில் வேலை பார்த்தவராம். கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கேள்வியை அந்த மொழியில் சொல்லி என் போனில் பதிந்து கொடுத்தார். நான் திருப்பிச் சொல்லச் சொல்லத் திருத்தினார். எங்கே இழுப்பது, எங்கே முழுங்குவது, எங்கே மூச்சு விடுவது. இன்னொன்றும் சொன்னார்: "அவங்க பேசும்போது நாம கம்முனு இருந்தா கவனிக்கலன்னு நெனச்சுக்குவாங்க. நடுநடுல 'ஹாய்', 'சோ தெஸ் க'ன்னு சொல்லி, தலைய ஆட்டிட்டே இருக்கணும்." ஆமாம், அப்படியா என்று அர்த்தம். அதையும் பழகினேன்.

கிளம்பும்போது கேட்டார். "கேள்வி சுத்தமா வந்துடுச்சும்மா. பதில் வந்தா?"

"பதில்னா புரிஞ்சுக்கலாம். அதுல என்ன இருக்கு?"

ஜூன் 5, வியாழன்

ஒரு நாளைக்கு அறுபது தடவை. லென்ஸ் தேய்க்கும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில். இன்று பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூன் 28, சனி

பதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவன் கோபத்தோடு செத்தான் என்று தெரியும். அல்லது மறந்தே போனான் என்று தெரியும். இரண்டில் எது வேண்டும் உனக்கு?

இன்று ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நாளை வருகிறாள். அம்மா வீட்டை மூன்று தரம் பெருக்கிவிட்டாள்.

ஜூலை 12, சனி

போய்விட்டாள். எழுத்து கோணுகிறது.

சின்ன உருவம். நான் நினைத்ததைவிட வயசு தெரிந்தது. வாசலில் குனிந்தாள், அம்மாவும் பதிலுக்குக் குனிந்தாள், இரண்டு பேருக்கும் யார் முதலில் நிமிர்வது என்று தெரியவில்லை. ஒரு பெட்டி கொடுத்தாள். அதில் தம்பியின் கைக்கடிகாரம், சட்டை இரண்டு, கண்ணாடி.

தேநீர் ஆறிய பிறகு கேட்டேன். ஒரு பிசிறு இல்லை. இழுக்க வேண்டியதை இழுத்து, முழுங்க வேண்டியதை முழுங்கி, அந்த ஊர்க்காரி மாதிரியே கேட்டேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

அவள் முகம் மாறிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள்.

இருபது நிமிஷம். சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது, அதனால் தெரியும். மெதுவாக ஆரம்பித்து, வேகமாகி, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும். என்னை நம்பிப் பேசினாள். இப்படிக் கேட்கத் தெரிந்தவளுக்குப் புரியாமலா போகும் என்று நினைத்துவிட்டாள். எனக்கு ஒண்ணும் புரியல. ஒண்ணுமே புரியல. ஓடுற தண்ணியில எங்கயோ ஒரு கல்லு தெரியற மாதிரி ஒரு சொல் தெரியும், அதப் புடிக்கறதுக்குள்ள பத்து சொல் போயிடும். நிறுத்துன்னு சொல்லத் தெரியல. புரியலன்னு சொல்றது மூணாம் பாடம்! பதினோரு தடவ எழுதியிருக்கேன்! வாய்ல வரல. போன் மேஜை மேல கிடந்துச்சு, கைய அவ புடிச்சிருந்தா. என்ன செஞ்சேன் தெரியுமா? தலையாட்டினேன். ஹாய். சோ தெஸ் க. ஹாய். அதுவும் சரியான இடத்துல.

எல்லாம் சொல்லி முடித்து என் கையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சுமை இறக்கியவள் மாதிரி ஒரு மூச்சு.

வண்டி ஏறிப் போனதும் அம்மா கேட்டாள். "என்னடி சொன்னா?"

"நம்மளயே நெனச்சுட்டு இருந்தானாம்மா. நேரம்தான் கிடைக்கலையாம்."

அம்மா என்னையே பார்த்தாள். "அவ்ளோ நேரம் அழுது சொன்னதுக்கு இவ்ளோதானா?"

ஜூலை 13, ஞாயிறு

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். காதில் விழுந்து, எனக்குத் தெரிந்த சொற்கள் நாலு. ஒகாசான், அம்மா. நிச்சியோபி, ஞாயிற்றுக்கிழமை. டென்வா, போன். கோஎ, குரல். நாலும் ஒரு தடவை இல்லை, பல தடவை வந்தன.

அவன் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கும். கடைசியில் அம்மா என்று குரல் கொடுத்திருப்பான். அதைத்தான் சொல்லியிருப்பாள். நான் கேட்டதற்குப் பதில் அதில் எங்கே இருக்கிறது?

ஜூலை 15, செவ்வாய்

தம்பியின் கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் பவர் ஆறுக்கு மேல். வீட்டை விட்டுப் போகும்போது ஒன்றரைதான், நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். அவன் விட்டுப்போனதில் என்னால் படிக்க முடிந்தது இது ஒன்றுதான்.

ஜூலை 24, வியாழன்

அவளிடமிருந்து நீளமான செய்தி. இதையாவது ஒழுங்காகத் தெரிந்துகொள்ளலாம் என்று வெல்டரிடம் காட்டினேன். அவர் படித்துச் சொன்னது:

"அக்கா, எல்லாவற்றையும் நேரில் உங்களிடம் மட்டும் சொல்வேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வருஷமாக அது என் நெஞ்சில் கிடந்தது. நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், எல்லாவற்றையும் புரிந்துகொண்டு கேட்டீர்கள். என்மேல் கோபப்படவும் இல்லை. இனி அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இப்போதெல்லாம் தூக்கம் வருகிறது."

"என்னம்மா சொன்னாங்க அவங்க?" என்று கேட்டார் வெல்டர்.

"குடும்ப விஷயம்," என்றேன்.

இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எதுவும் புரியவில்லை, மறுபடி சொல்லு என்று. அப்படி எழுதினால் அவள் தூக்கம் போய்விடும். அவள் அழுதது ஒரு தலையாட்டி பொம்மையிடம் என்று ஆகிவிடும். அழித்துவிட்டேன்.

அந்த வீடியோவில் மிச்சமிருந்ததைப் பார்த்தேன். எட்டாவது தவறு, பேசிப் பேசியே பழகி, கேட்கப் பழகாமல் விடுவது. அன்றைக்குக் கால் உடைந்த கண்ணாடி வராமல் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம் அம்மா கூடத்து மூலையில் நின்றுகொண்டிருந்தாள். முன்பு போன் இருந்த பலகை. இப்போது அவளுடைய மருந்து டப்பா இருக்கிறது.

"மருந்து போட்டாச்சேம்மா. என்ன தேடற?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமைன்னா காலு தானா இங்க வந்து நிக்குது. அந்த ஊமப் பய கூப்பிடுவானே."

"எவன்? அந்த வேலவெட்டி இல்லாதவனா?"

"உனக்குத் தெரியாது. அப்பல்லாம் நீ ஞாயித்துக்கிழமையும் பாதிநாள் கடைக்குப் போயிடுவ. மொதல்ல நானும் யாரு யாருன்னு கத்திட்டுதான் இருந்தேன். உங்கப்பா போனப்புறம் வீட்ல பேச யாரு இருந்தா? அவன்கிட்டதான் பேசுவேன். முட்டி வலி, மாடி வீட்டுச் சண்டை, நீ கல்யாணம் வேணாம்னு நின்னது, எல்லாத்தையும் கொட்டுவேன். வைக்கவே மாட்டான்டி. மூச்சு மட்டும் கேக்கும். சரிப்பா, வைக்கட்டுமான்னு நான் சொன்னாதான் வைப்பான்." மருந்து டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினாள். "யாரு பெத்த புள்ளையோ."

போன். ஞாயிறு. அம்மா. குரல்.

கூப்பிட்டிருக்கிறான். வாராவாரம் கூப்பிட்டிருக்கிறான். திட்டியது நான். வெட்டியது நான். ஏன் வாய் திறக்கவில்லை, வெட்டிய பிறகு என்ன செய்தான், எல்லாம் அந்த இருபது நிமிஷத்தில் இருந்திருக்கிறது. நான் தலையாட்டிக்கொண்டே அதைப் போகவிட்டேன். அதைக் கேட்டும் நான் கோபப்படவில்லை என்று அவள் எழுதியிருக்கிறாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒரு தடவை பின்னால் ரயில் சத்தம் கேட்டதாம். ஒரு தடவை இருமினானாம், வெந்நீர் குடி என்று சொன்னாளாம். ஒரு தடவை, எப்போது என்று நினைவில்லை, அழுத மாதிரி இருந்ததாம். அவள் சொல்லச் சொல்ல நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.