பளிங்கு போலத் தெரிந்த தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசுக்குத்தான் சுகமில்லை, உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்.

எங்கள் ஆலையின் உப்புக் கழிவுநீரில் காரம் கலந்து, கொதிகலன் புகையிலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடை அளவாக விட்டால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் திரண்டு அடியில் தங்கிவிடும், மேல்தண்ணீரை உப்புக் காய்ச்சும் குழாய்களுக்கு அனுப்பலாம். அளவு மிஞ்சினால் திரண்டது மறுபடி கரைந்துவிடும், தண்ணீர் பளிங்கு போலத் தெரியும், அத்தனையும் ஏமாற்று. ஒன்றரை வருஷமாக அந்த வாயுவைத் திறந்துவிடும் வால்வோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இது தெரியாதா? புதிதாக வந்த மேலாளர், எப்போதும் சீட்டியடிப்பதால் நாங்கள் விசில் என்போம், தொட்டி பாலாக இருப்பதைப் பார்த்து முகம் சுளித்து வால்வை முழுசாகத் திறக்கச் சொன்னார். கரைஞ்சிடும் சார் என்றேன். உங்க வேலை திறக்கிறதும்மா, யோசிக்கிறது இல்ல என்றார். தண்ணீர் தெளிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பன்னிரண்டே நாளில் குழாய்கள் சுண்ணாம்பு கட்டி அடைத்து ஆலையே நின்றது. முதலாளி வந்தார், கவனக்குறைவு என்னுடையது என்று எழுதிய தாளை விசில் என்னிடம் நீட்டினார், கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நேரே தொட்டிக்குப் போய் அந்தத் தெளிந்த தண்ணீரை மொண்டு வந்து முதலாளி கண்முன்னால் கேன்டீன் அடுப்பில் ஏற்றினேன், சமையல்காரர் என் பாத்திரம் போச்சே என்று பதறினார். கொதி வந்ததும் வெள்ளையாகக் கலங்கிப் பாத்திரமெங்கும் படிந்தது. இதுதான் சார் உங்க குழாய்க்குள்ள இருக்கு என்றேன். முதலாளி விரலால் சுரண்டிப் பார்த்தார், விசில் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வால்வு இப்போது நான் சொன்ன அளவில் நிற்கிறது. ஆனால் அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா, மேலாளரின் சீரிய முயற்சியால் கோளாறு சரிசெய்யப்பட்டதாம்! வயிறு எரிகிறது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீ போனில், விடும்மா, இந்த வயசுல எதுக்கு வம்பு என்றாயே, அதைத்தான் தாங்கவில்லை. நீ எனக்காகச் சண்டைக்கு வர வேண்டாம், அப்புறம் என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அதனால்தான் இத்தனையும் எழுத வேண்டியதாயிற்று.

அந்த இருமலுக்கு மருத்துவரைப் பார், வேளைக்குச் சாப்பிடு, ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இரு. கடிதம் கிடைத்ததும் போன் செய், காலையில் வேண்டாம், இந்த வாரம் முழுக்க எனக்கு முதல் ஷிப்ட், தொட்டியை விட்டு நகர மாட்டேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா