கன்னத்துக் கோடு

செக்காலை, காரைக்குடி
11-7-1971

அன்புள்ள மகள் நாகவல்லிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஜாம்ஷெட்பூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், தங்கை கண்ணம்மை சுகம், உன் அக்கம்மாள் அத்தை அதிகாரத்துக்கு ஒரு குறைவும் இல்லாமல் சுகம். அந்த வரிசையில் நான் மட்டும் இல்லை. அம்மாவுக்குப் பல்வலி, மதுரையில் வைத்தியம் நடக்கிறது என்று அத்தை சொல்லச்சொல்ல அப்பா உனக்கு எழுதியிருக்கிறார். பல்வலி இல்லை, நாகு. இடது கன்னத்தின் உள்ளே புற்றுநோய். இந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருப்பதற்குத்தான் இந்த வீட்டில் இத்தனை பாடு. என் அம்மாவுக்கு வாயில் வந்த புண்ணுக்கும் கடைசிவரை யாரும் பெயர் சொல்லவில்லை, வேப்பிலையை அரைத்துப் பூசி உள்ளறையில் படுக்க வைத்தார்கள். நான் உள்ளறையில் படுப்பதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு லீவு கேட்டபோதும் நோயின் பெயரைப் போட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அழுதுகொண்டு ரயில் ஏறி வந்துவிடாதே. ஆரம்பத்திலேயே வந்தது நல்லது என்கிறார் டாக்டர். நிச்சயமாகக் குணமாகுமா என்று கேட்டேன், அப்படி எழுதித் தர முடியாது, ஆனால் நம்பலாம் என்றார். மழுப்பாத அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. கனமான சுவர் வைத்த அறையில் கோபால்ட் மெஷின் என்று ஒன்று இருக்கிறது, அதன் கதிரை நோயுள்ள இடத்தில் மட்டும் பாய்ச்சுகிறார்கள். என் அம்மா காலத்தில் இது கிடையாது. பாய்ச்சும்போது வலி தெரியவில்லை, பிறகுதான் வாயெல்லாம் வெந்து போகிறது. மிளகாயே இல்லாமல் கஞ்சி குடிக்கிறேன், நம் ஊர்க்காரிக்கு இதைவிடத் தண்டனை என்ன வேண்டும். கதிர் எங்கே பட வேண்டும் என்று அளந்து கன்னத்திலிருந்து கழுத்துவரை ஊதா மையில் கோடு போட்டிருக்கிறார்கள், வைத்தியம் முடியும்வரை அதை அழிக்கக் கூடாது. வாரமெல்லாம் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிக்கொண்டு லீவு நாளில் இங்கே வருகிறேன்.

போன வாரம் மெஷினைச் சோதிக்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை லீவு. வீட்டுக்கு வந்தவளைப் பிடித்து உட்காரவைத்து, "கரண்டு வச்ச ஒடம்பு கொதிக்குமாத்தா, எண்ணெ தேச்சாத்தான் சூடு தணியும்" என்று அத்தை தலை நிறைய எண்ணெய் வைத்துவிட்டார். உடம்பு அசதி, தலைக்கு மட்டும்தானே என்று இருந்துவிட்டேன். சீயக்காய்க்குப் பயந்து கண்ணை மூடியிருந்த நேரத்தில் முகத்தையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறார். கண்ணைத் திறந்தால் கோடு இல்லை. "அந்தக் கிறுக்கலத் தேச்சு விட்டுட்டேன், இப்பத்தான் மொகம் மொகமா இருக்கு" என்கிறார் பெருமையாக. என்ன காரியம் செஞ்சீக என்று கத்திவிட்டேன். திங்கட்கிழமை டாக்டரிடம் நான்தான் வசவு வாங்கினேன், முதலிலிருந்து அளந்து மறுபடியும் போட்டார்கள்.

இன்று காலை சிங்கம்புணரியில் கருத்தையா பெரியப்பா வீட்டுக் காதுகுத்து. கண்ணம்மையைப் பெண் கேட்டவர்களும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அத்தை, "பொட்டப்புள்ளயக் கட்டிக் குடுக்கணும்னு நெனப்பிருக்கா ஒனக்கு? வீட்டுல கெட, இல்லாட்டி முந்தானயப் போத்திக்கிட்டு ஒரு ஓரமா ஒக்காரு" என்றார். நான் போனேன், போர்த்தவில்லை. ஒருத்தி சிரித்துக்கொண்டே, "என்னத்தா, கன்னத்துல கோலம் போட்டிருக்கீக?" என்றாள். "கோலமில்லத்தா, புற்றுநோய்க்கு எல்லைக்கல்லு நட்டிருக்காக, இதுக்கு அங்குட்டுத் தாண்டக் கூடாதுன்னு" என்றேன். இன்னொருத்தி என் டம்ளரைத் தனியாக நகர்த்தி வைத்தாள், இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று சொல்லி நானே அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். தாம்பூலத் தட்டு வந்தது. புகையிலையை மட்டும் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, நான் இதை அதக்கி வைத்த கன்னத்தில்தான் வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று தட்டை அடுத்தவளிடம் தள்ளினேன். பெண் கேட்டவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் தோன்றியது நிஜம். கண்ணம்மைதான் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மாவ மறச்சு வச்சுத்தான் எனக்குக் கல்யாணமின்னா அது எனக்கு வேணாம்மா" என்றாள்.

அத்தை பஸ்ஸில் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அப்பா படுத்த பிறகு, "ஏத்தா பொன்னு, செத்த இங்குட்டு வா" என்று முற்றத்து வெளிச்சத்துக்குக் கூப்பிட்டார். வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார். உள்ளே சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளையாக ஒரு திட்டு. உறைப்புப் பட்டால் எரிகிறதாம், வெகுநாளாக இருக்கிறதாம், ஒருவரிடமும் சொல்லவில்லை. எல்லாத் திட்டும் நோயாகிவிடாது, ஆனால் டாக்டர் பார்க்க வேண்டும். கையிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை வாங்கி அடுப்பில் போட்டேன், தடுக்கவில்லை. "எனக்கும் கோடு போடுவாகளாத்தா?" என்று கேட்டபோது அந்த அதிகாரமெல்லாம் எங்கே போனதோ. "போட்டாப் போடட்டும் மதினி, சீயக்காய ஒங்க பக்கம் அண்ட விடமாட்டேன்" என்றேன். சிரித்துவிட்டு அழுதார். நாளை முதல் பஸ்ஸில் இரண்டு பேருமாக மதுரைக்குப் போகிறோம்.

தீர்க்காயுசாக, மனத்தில் பயம் தங்காமல் நீங்கள் இருவரும் வாழ வேண்டும். மாப்பிள்ளை ஜர்தாப் புகையிலை போடுவதாக எழுதியிருந்தாய். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஜன்னல் பக்கம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார். மாமியார் உத்தரவு என்று சொல்.

உன் அம்மா
பொன்னுத்தாயி