மஞ்சளை எடும்மா, தன்யா

அன்புள்ள பாவாவுக்கு, மஸ்கட்டிலிருந்து உங்கள் மனைவி யோகலட்சுமி. நான் நன்றாக இருக்கிறேன். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? கிருத்திகைக்குத் தன்யாவை மலைக்குக் கூட்டிப்போனீர்களா?

போனில் பேசினால் சொல்ல வந்தது பாதி மறந்துபோகிறது. அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் ரீமாவுக்கும் நம் தன்யா வயதுதான். பள்ளிக்கு அனுப்பும்வரை அவளுக்கு வீட்டில் நான்தான் டீச்சர். நேற்று துணிக் கிளிப்புகளை வைத்து நிறம் சொல்லிக்கொடுக்கும்போது, "மஞ்சளை எடும்மா, தன்யா" என்று வாய் தவறிவிட்டது. குழந்தையும், "ஆங்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"தன்யா யாரு?" என்றார் அவள் அம்மா. அவரும் சென்னைக்காரர்தான்.

"எம் பொண்ணுங்க. ஊர்ல அவ நைனாகூட இருந்துகினு இருக்கா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"இனிமே பாடம் நடக்கறப்ப போன்ல அவளையும் உட்கார வை யோகா. ரெண்டும் சேர்ந்தே படிக்கட்டும்."

அதனால் நாளையிலிருந்து, மாலை நான்கு மணிக்குத் தறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் பாவா. சத்தத்தில் அவளுக்கு என் குரல் கேட்காது. கலர் நூல் கொடுங்கள், கத்தரியை எட்டத்தில் வையுங்கள். பாடம் முடிந்ததும் போனை அணைத்துவிடாதீர்கள். என்னை மறந்து அவள் விளையாடப் போனாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரீமா எழுந்துவிட்டாள், பால் கேட்கிறாள். வருகிறேன்.

உங்கள் யோகா