ஆள் இல்லாத பத்துப் படங்கள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் கண்ணைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன், அங்கே உனக்கும் ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன், நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அம்மா போனை வாங்கிவிடுகிறாள், அதனால் கடிதம்.

மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிய பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து அம்மா உயிரை எடுக்கக் கூடாதென்று ஒரு கேமரா அனுப்பினாயே, அது நன்றாக இருக்கிறது. படங்களை வாங்கி விற்கும் இணையதளம் ஒன்றில் சேர விண்ணப்பித்திருக்கிறேன். பத்துப் படம் அனுப்ப வேண்டும், ஏழு தேறினால் சேர்த்துக்கொள்வார்கள், மூன்று வாய்ப்புதான், மூன்றிலும் கோட்டை விட்டால் அதோடு சரி. இரண்டு போய்விட்டது. முதல் தடவை ஏணி, ஈரப் படிக்கட்டு, தையல் மிஷின், வாளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து அனுப்பினேன். ஒன்பது படம் மங்கல், பத்தாவதில் வாளியின் மேல் கம்பெனி பெயர் தெரிகிறது என்று பதில் வந்தது. முப்பத்தொரு வருடம் அடுத்தவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவைத்தவனைப் பார்த்து உன் படம் தெளிவில்லை என்கிறார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, இறங்கியது என்று அம்மா சொல்வாள், நம்பாதே. வாளியின் பெயரை மட்டும் அவள் கம்பி நார் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டாள், இப்போது அது ஒழுகுகிறது.

உன் மாமாவின் பாஸ்போர்ட் போட்டோ கடைக்குப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாப் படத்திலும் வலது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதே என்றான். பறவை என்றேன். "அத்தான், பத்துப் படத்துலயும் ஒரே பறவை ஒரே எடத்துல நிக்குமா? இதுல ரெண்டு வீட்டுக்குள்ள எடுத்தது" என்றான். கேமராவுக்குள் இருந்த தூசியை ஊதி எடுத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் எடுங்கள், ஸ்டாண்டில் வைத்து எடுங்கள், போகஸை கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று மூன்று புத்தி சொன்னான். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். எனக்குப் பதில் ஒரு மிஷின் பார்ப்பதென்றால் நான் செய்த தொழிலுக்கு என்ன மரியாதை, அதனால் மூன்றாவதை ஏற்கவில்லை.

அன்று சாயங்காலம் உன் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து கடையில் கண் சோதிக்க மாட்டியிருந்த எழுத்து அட்டையை இழுத்து வெளியே எடுத்தாள். "ஊருக்கெல்லாம் கண்ணு பாத்தீங்க, உங்க கண்ண யாரு பாத்தா?" என்று கேட்டாள். என்னுடைய நாற்காலியிலேயே, அதில் காய்ந்த துணியை ஒதுக்கிவிட்டு, என்னை உட்காரவைத்தாள். கடைசி வரி வரைக்கும் ஒரு தப்பு இல்லாமல் வாசித்தேன். அப்புறம்தான் அவள் அட்டையைத் தலைகீழாக மாட்டியிருப்பதாகச் சொன்னாள். முப்பத்தொரு வருட மனப்பாடம், நான் என்ன செய்வேன். என் கண்ணாடி போட்டு ஒன்பது வருடம் ஆகிறதாம், மறுநாள் வேறொரு கடையில் காட்டினால் பவர் ஒன்றேகால் மாறியிருந்தது. வந்தவர்களையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள் என்று விரட்டிய ஆள் நான். இதை உன் மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன், அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

புதுக் கண்ணாடி போட்டதும் இரண்டாவது தடவைக்கு உட்கார்ந்தேன். அசையாத பொருளாக இருந்தால் நல்லது என்று நம் வாசல் கேட்டைத் தேர்ந்தெடுத்து, பத்துப் படமும் அதையே எடுத்தேன், காலையில், வெயில் ஏறினபின், மழை விட்டபின். துருவைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். இந்தத் தடவை வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன். தரத்தில் குறையில்லை. ஆனால் பத்தும் ஒரே படமாக இருக்கிறது. யாரோ வருவதற்காகக் காத்திருக்கிற படம், அந்த யாரோ படத்தில் இல்லை. ஆளை வைத்து எடுத்து அனுப்பவும். அம்மா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கும் அதற்கு மேல் கேட்டை ஏன் எடுத்தேன் என்பதற்கு அசையாத பொருள் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை.

மாமா நான் நிற்கிறேன் என்று தலைவாரிக்கொண்டு வந்தான், நிறுத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. ஸ்டாண்டின் உயரம், தூரம், போகஸ் எல்லாமே நீ ஊருக்கு வரும்போது பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டின் கொக்கியைத் தூக்குகிற இடத்துக்கு வைத்திருக்கிறேன், அங்கே அவனை நிறுத்தினால் தலை வெட்டுப்படுகிறது. இந்த வருடமும் லீவு இல்லை, ஆபீசில் ஆள் குறைவு என்று அம்மாவிடம் சொன்னாயாம். மூன்று வருடமாக அங்கே ஆள் குறைவுதான், இங்கேயும்தான். மூன்றாவது தடவைக்கு வருடக் கடைசி வரை டைம் கொடுத்திருக்கிறார்கள். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது வாலு. இதை எழுத எனக்கு இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

படத்தில் முகம் தெரிந்தால் அந்த ஆளின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம், படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் திருப்பி அனுப்பாதே, கையோடு கொண்டு வா. ராத்திரியில் போனை மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்காதே, வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டு, அப்பாவைப் பார்த்துத் திருந்து. நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட காலம் நீ நன்றாக இருக்க வேண்டும். நீ நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழை பெய்தால் அழிந்துவிடுகிறது, மறுபடியும் போட்டுவிடுகிறேன்.

கேட்டுக்கு உள்பக்கம் இருக்கும்,
அப்பா